பதில்: ஸ்பீக்கரில் நேற்றைய செய்தியே மீண்டும் ஒலிக்கிறது

வணக்கம். தண்ணீர்மலைக் கோயில் பூசை நேரங்களை அமேசானின் குரல் உதவியான அலெக்சாவின் ஃபிளாஷ் பிரீஃபிங்கில் (ஸ்பீக்கரில் கேட்கும் சுருக்கச் செய்தித் தொகுப்பு) இரண்டு நிமிட ஒலிப்பதிவாகத் தருவதாகவும், காலை 7 மணிக்குப் புதிய பதிவை ஏற்றிய பிறகும் பினாங்கில் உள்ள கேட்பவர்களுக்கு நேற்றையதே ஒலிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் இணைத்திருந்த ஜேசன் கோப்பைப் (பதிவின் விவரங்களை அலெக்சாவுக்குத் தரும் கோப்பு) பார்த்தால், ஒலிக்கோப்பை மட்டும் மாற்றிவிட்டு, பதிவின் தனி அடையாளமான யூஐடி எண்ணைப் பழையபடியே விட்டிருக்கிறீர்கள். அந்த எண் மாறினால்தான் அது புதிய பதிவாகக் கருதப்படும் என்பதால், என் முதல் சந்தேகம் அதன்மீதுதான். ஒலிக்கோப்புக்கும் நாள்தோறும் புதுப்பெயர் இடுங்கள். ஒரே பெயரில் மேலெழுதினால், இடையில் சேமிக்கப்பட்ட பழைய பிரதியே போய்ச் சேரக்கூடும்.

அடுத்தது நேரம். அதே ஜேசன் கோப்பில் பதிவின் தேதியையும் நேரத்தையும் குறிக்கும் அப்டேட்டேட் புலம் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தைக் கேட்கிறது. நீங்களோ மலேசிய நேரத்தை எழுதி, இறுதியில் யூடிசியைக் குறிக்கும் 'இசட்' எழுத்தைச் சேர்த்திருக்கிறீர்கள். நமது நேரம் யூடிசியைவிட 8 மணி முன்னே இருப்பதால், காலை 7 மணியை முந்தைய நாள் 23:00 என்றே குறிக்க வேண்டும். (தொடக்கத்தில் நானும் இதில் தடுக்கியவன்தான்.)

ஏழு நாளைத் தாண்டிய பதிவு ஒலிக்காது; ஆகவே தைப்பூச வாரத்தில் வேலை மிகுந்தாலும் பதிவேற்றத்தை நிறுத்திவிடாதீர்கள். ஒலிக்கோப்பின் முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்குவதும் கட்டாயம்.