எரிந்த பழைய கட்டடம்: இடிக்கலாமா, காக்கலாமா?

பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். கடந்த சில மாதங்களில் வந்த கடிதங்களில் பாதி, தீப்பிடித்த வீடுகளையும் கடைகளையும் பற்றியவை. ஒன்றுக்கொன்று தொடர்புள்ள கேள்விகளைச் சேர்த்து, ஒவ்வொன்றின் கீழும் பதில் சொல்கிறேன்.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் 100 வருடம் தாண்டிய மாடிக் கட்டடம் மின்கசிவில் எரிந்துவிட்டது. கூரை விழுந்து சுவர்கள் மட்டும் நிற்கின்றன. வந்து பார்த்த எஞ்சினியர் பத்தே நிமிடத்தில் "இடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரியா?

பத்து நிமிடத்தில் அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. கரி படிந்த சுவர் பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் செங்கல் சூளையில் வெந்து வந்த பொருள், இன்னொரு தீ அதற்குப் புதிதல்ல. சுண்ணாம்புக் காரையில் கட்டிய இரண்டடிச் சுவர் என்றால், பெரும்பாலும் மேல்பூச்சும் வெளிப்பக்கத்து ஓர் அங்குலமும்தான் கெட்டிருக்கும். ஒரு ஸ்க்ரூடிரைவரால் காரையைச் சுரண்டிப் பாருங்கள். எந்த ஆழத்தில் பொடிப்பொடியாக உதிர்வது நின்று கெட்டியாகிறதோ, அதுவரைதான் சேதம்.

சென்னை சேப்பாக்கத்தில் எழிலகம் வளாகத்துக்குள் இருக்கும் கலச மஹாலை நினைத்துப் பாருங்கள். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா 1768-ல் கட்டிய அரண்மனையின் ஒரு பகுதி அது. 2012 ஜனவரியில் ஓர் இரவு அது எரிந்தபோது கூரைகள் விழுந்தன. தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரையே விட்டார். அப்போதும் இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. நின்ற சுவர்களை நம்பிச் சுண்ணாம்பும் தேக்கும் கொண்டு அதை மீட்டெடுத்தார்கள். இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கேதான் நடக்கிறது.

எதிர் உதாரணமும் சென்னையிலேயே இருக்கிறது. 1985-ல் எரிந்த மூர் மார்க்கெட்டை இடித்துவிட்டு, அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையக் கட்டடத்தைக் கட்டினார்கள். பழைய மார்க்கெட்டின் சின்ன மாதிரி ஒன்று மட்டும் அங்கே நிற்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

சரி, நீங்கள் இப்போது செய்ய வேண்டியது என்ன? ஆடும் சுவருக்குச் சாய்வு முட்டு கொடுங்கள். வாசல், ஜன்னல் திறப்புகளுக்குள் சவுக்குக் கட்டை வைத்து இறுக்குங்கள். அப்புறம் மேலே தகரக் கொட்டகை போடுங்கள், மழைக்கு முன்னால் போட்டாக வேண்டும். கூரை இழந்த சுவரின் தலையில் நேராக மழை இறங்கினால், தீ விட்டுவைத்ததை ஐப்பசி அடைமழை முடித்துவிடும். விரிசல்களின் குறுக்கே கண்ணாடிச் சில்லை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்தும் சில்லு உடையவில்லை என்றால் சுவர் அசையவில்லை என்று அர்த்தம். அந்த மூன்று மாதம் வரைக்கும் இடிப்பது பற்றி முடிவே எடுக்காதீர்கள்.

குப்பையை எப்போது அள்ளலாம்? நகராட்சியிலிருந்து அவசரப்படுத்துகிறார்கள்.

தெருவில் விழுந்ததை உடனே எடுங்கள், அது மக்கள் நடக்கும் வழி. உள்ளே கிடப்பதை அள்ள வேண்டாம். எந்த அறையில் என்ன கிடந்தது என்று படம் எடுத்து, அறைவாரியாகப் பிரித்துச் சாக்குகளில் கட்டி, எண் போட்டு வையுங்கள்.

அந்தக் குப்பைதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் வெப்பமானி. அலுமினியப் பாத்திரம் 660 டிகிரியில் உருகும். பித்தளைக் குத்துவிளக்கு உருகி வழிந்திருந்தால் அந்த அறையில் வெப்பம் 900 டிகிரியைத் தொட்டிருக்கிறது. செம்பு உருக 1085 வேண்டும். அலுமினியம் உருகியும் பித்தளை உருகாமலும் கிடந்தால் வெப்பம் இரண்டுக்கும் நடுவில். இப்படி அறை அறையாகக் குறித்தால் எந்தச் சுவரைச் சந்தேகப்பட வேண்டும், எதை நம்பலாம் என்று ஒரு வரைபடமே கிடைத்துவிடும். காரையில் இருக்கும் மணலும் பேசும். அதில் இரும்புச் சத்து இருந்தால் 250, 300 டிகிரியைத் தாண்டும்போது செம்மை படரும். அந்தச் சிவப்பு எத்தனை ஆழம் போயிருக்கிறது என்பதே வெப்பம் போன ஆழம்.

ஒரு ஊரில் மூன்றாம் நாளே டிராக்டர் வைத்து எல்லாவற்றையும் அள்ளிக் குளக்கரையில் கொட்டிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பாதி எரிந்த போதிகைகள், அதாவது தூண் தலையில் விட்டத்தைத் தாங்கும் கட்டைகள், சேற்றில் கிடந்தன. அவற்றில் ஒன்று கையில் இருந்திருந்தாலும் ஆசாரி அதைப் பார்த்து மற்றதைச் செதுக்கியிருப்பார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

கூடவே ஒரு வேலை. உறவினர் வீடுகளில் பழைய கல்யாண ஆல்பங்களைத் தேடுங்கள். மணமக்களுக்குப் பின்னால் தூண், விட்டம், கதவு நிலை எல்லாம் பதிவாகியிருக்கும். தீக்கு முன் யாரும் அளந்து வைக்காத கட்டடத்துக்கு இதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

தேக்கு உத்திரங்கள் எல்லாம் கரிக்கட்டை போல இருக்கின்றன. மாற்றிவிட்டு இரும்பு கர்டர் போடச் சொல்கிறார்கள். இரும்புதானே பலம்?

தீ என்று வந்தால் அப்படிச் சொல்ல முடியாது. மரம் வெளியிலிருந்து உள்நோக்கி மெதுவாகக் கரியாகும், நிமிடத்துக்கு அரை முதல் முக்கால் மில்லிமீட்டர் வரை. அந்தக் கரியே உள்ளிருக்கும் மரத்துக்குப் போர்வை. ஆறு அங்குல அகலமும் ஒன்பது அங்குல உயரமும் உள்ள உத்திரம் அரை மணி நேரம் மூன்று பக்கமும் எரிந்தால், பக்கத்துக்குச் சுமார் 20 மில்லிமீட்டர் போகும். கணக்குப் போட்டால் பழைய பலத்தில் ஏறக்குறைய பாதி இன்னும் இருக்கும். அந்தக் காலத்தில் தேவைக்கு மேலேயே கனமான மரம் போட்டார்கள் என்பதால், பல இடங்களில் அந்தப் பாதியே போதும். போதாத இடத்தில் பக்கத்தில் புது மரம் சேர்த்துப் போல்ட் போட்டு இறுக்கலாம்.

இரும்பின் குணம் வேறு. 600 டிகிரியை நெருங்கும்போது அதன் பலம் பாதியாகி, கர்டர் தொய்ந்துவிடும். அதற்கு முன்பே நீளவும் செய்யும். 20 அடி கர்டர் 500 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் நீண்டு, சுவரை வெளியே தள்ளும். உங்கள் கட்டடத்தில் ஏற்கனவே பழைய கர்டர்கள் இருந்தால், அவை சுவரில் உட்காரும் இடத்தை முதலில் பாருங்கள். வளையாமல் நேராக இருக்கும் கர்டர் ஆறிய பிறகு தன் பலத்தில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றிருக்கும். அதைத் தூக்கிப் போட வேண்டாம்.

மரத்தில் நான் பயப்படுவது ஒரே இடத்துக்குத்தான்: சுவருக்குள் செருகிய முனை. கங்கு அங்கே நாள்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும், வெளியே தெரியாது. மெல்லிய துளை போட்டுப் பாருங்கள். வருவது மரத்தூளா கரித்தூளா என்று உடனே தெரிந்துவிடும். மெட்ராஸ் டெரஸ் கூரைகளில் கட்டைகளுக்கு மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு ஜல்லி போட்டிருப்பார்கள். நடுவில் ஒரு கட்டை போனாலும் அந்த அடுக்கு கொஞ்ச காலம் தானே நிற்கும். அதை நம்பி யாரையும் மேலே ஏற்றாதீர்கள்.

கல் மண்டபம் எரிந்தால்? கல்லுக்கு ஒன்றும் ஆகாதல்லவா?

ஆகும். செங்கல்லைவிடக் கருங்கல் தீக்குப் பயப்படும். அதிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் 573 டிகிரியில் சட்டென்று உருமாறிப் பருக்கும், கல் உள்ளுக்குள்ளேயே வெடிக்கும். அந்தச் சூட்டில் குளிர்ந்த நீர் பட்டால் ஓடு ஓடாகப் பெயரும். மதுரை மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் 2018 பிப்ரவரி 2 இரவு பார்த்தது இதைத்தான். கடைகள் எரிந்தன, நாயக்கர் காலத் தூண்கள் விரிசல் விட்டன. மண்டபத்துக்குள் கடை வைக்க இடம் கொடுத்தது தவறு என்பது என் உறுதியான கருத்து. விரிசல் விட்ட தூணைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நல்லது. மந்தமாக ஒலித்தால் அது பாரம் தாங்காது, மாற்றத்தான் வேண்டும். அங்கே உணர்ச்சிக்கு இடமில்லை, கீழே மனிதர்கள் நடக்கிறார்கள்.

சுவரைக் கழுவிச் சிமென்ட் பூசிவிட்டால் வேலை முடிந்ததா?

இரண்டுமே வேண்டாம். புகைக்கரி எண்ணெய்ப் பிசுக்குள்ளது. தண்ணீர் அடித்தால் துளைகளுக்குள் இறங்கி நிரந்தரக் கறையாகும். முதலில் தூசி உறிஞ்சும் இயந்திரம், அப்புறம் உலர்ந்த ரப்பர் பஞ்சு. மணல் வீசித் தேய்க்கும் முறை செங்கல்லின் கெட்டித் தோலையே உரித்துவிடும்.

தீயணைப்பு வண்டி அடித்த தண்ணீர் முழுவதும் இப்போது சுவருக்குள் இருக்கிறது. ஓர் அங்குலம் காய ஒரு மாதம் என்பது எங்கள் தொழிலில் குத்துமதிப்பான கணக்கு. இரண்டடிச் சுவர் இரு பக்கமும் காற்றுப் பட்டால் ஒரு வருடம். அதற்குள் சிமென்ட் பூசி மூடினால் ஈரம் உள்ளே மாட்டி, உப்புப் பூத்து, மர முனைகளை உளுக்க வைக்கும். காய விட்டு, பிறகு சுண்ணாம்புக் காரை பூசுங்கள். கடுக்காய், வெல்லத் தண்ணீர் பக்குவம் தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கூலி அதிகம்தான், ஆனால் தகும்.

எரிந்ததை எரிந்தபடியே நினைவாக விடுவதா, பழையபடி கட்டுவதா? எங்கள் சங்கத்தில் இதற்காகவே இரண்டு கட்சி.

இந்தச் சண்டை நல்லது. யாழ்ப்பாணத்தில் இது எத்தனை வலியோடு நடந்தது என்று பாருங்கள். 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் ஓலைச் சுவடிகளும் போயின. அந்தச் சுவர்களை அப்படியே சாட்சியாக விட வேண்டும் என்ற குரல் வலுவாக இருந்தது. மீண்டும் படிக்க ஓர் இடம் வேண்டும் என்ற குரலும் இருந்தது. கடைசியில் பழைய தோற்றத்திலேயே வெள்ளையாக எழுப்பினார்கள். பிள்ளைகள் இன்று அங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பது எனக்கு நிறைவு. தீயின் தடம் கண்ணுக்குத் தெரியாமல் போனது பற்றி வருந்துகிறவர்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு சுவரையாவது கரியோடு விட்டிருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் ஒரே அறக்கட்டளை இரண்டு விதமாக முடிவெடுத்தது. 1989-ல் எரிந்த அப்பார்க் மாளிகையைத் தீக்கு முந்தைய நாள் இருந்தபடியே மீட்டார்கள், ஏனென்றால் தட்டுமுட்டுச் சாமான்களில் பெரும்பகுதி தப்பியிருந்தது. 2015-ல் எரிந்த கிளாண்டன் பார்க் மாளிகையில் உள்ளே அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. முதலில் சில அறைகளைப் பழையபடி கட்டுவோம் என்றவர்கள், 2022-ல் மனம் மாறி, எரிந்த செங்கல் கூட்டையே மக்கள் நடந்து பார்க்கும்படி காப்பதென்று முடிவு செய்தார்கள். நம் பக்கத்தில் மைசூர் இன்னொரு வழி. 1897-ல் மர அரண்மனை எரிந்த பிறகு ஹென்றி இர்வின் என்ற கட்டடக் கலைஞர் கல்லும் இரும்பும் கொண்டு முற்றிலும் புதிதாக ஒன்றை வரைந்தார், 1912-ல் முடிந்தது. அதைப் பழைய அரண்மனையின் மீட்பு என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் சங்கத்துக்கு என் யோசனை: எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்த பிறகு வாக்கெடுப்பு வையுங்கள். பாதிக்கு மேல் அசல் பொருள் இருந்தால் மீட்டெடுங்கள். வெளிச்சுவர் மட்டும் இருந்தால் அதைக் காத்து, உள்ளே புதியதென்று தெரியும்படி எளிமையாகக் கட்டுங்கள். இல்லாத சிற்பத்தைச் சிமென்ட்டில் வார்த்துப் பழையது போல வர்ணம் அடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். அடுத்த தலைமுறை எது அசல் என்று தெரியாமல் ஏமாறும்.

சட்டம் ஏதாவது தடுக்குமா?

முதலில் உங்கள் கட்டடம் எந்தப் பட்டியலிலாவது இருக்கிறதா என்று பாருங்கள். மத்தியத் தொல்லியல் துறை, மாநிலத் தொல்லியல் துறை, சென்னை என்றால் பெருநகர வளர்ச்சிக் குழுமம். பட்டியலில் இருந்தால் அனுமதியில்லாமல் ஒரு செங்கல்லையும் எடுக்கக் கூடாது. இல்லையென்றால் முடிவு பெரும்பாலும் உங்கள் கையில்தான்.

பழுதுபார்க்கும்போது மறுபடி தீப்பிடிக்குமா?

மிகவும் சாத்தியம், இதைக் கேட்டதற்கு நன்றி. கிளாஸ்கோ கலைப்பள்ளி 2014-ல் எரிந்தது. அதைச் சீரமைத்துக்கொண்டிருக்கும்போதே 2018 ஜூனில் முன்னைவிட மோசமாக எரிந்தது. பாரிஸ் நோத்ர-தாம் தேவாலயம் 2019-லும் கோபன்ஹேகன் பழைய பங்குச் சந்தைக் கட்டடம் 2024-லும் எரிந்தது சாரம் கட்டியிருந்த நேரத்தில்தான்.

கூரை மரத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் கூடாது, கீழே செய்து மேலே ஏற்றுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் மதியத்துக்குள் முடித்து, அதன் பிறகு ஒரு மணி நேரமாவது ஒருவர் தண்ணீர் வாளியோடு அங்கேயே நிற்க வேண்டும். தற்காலிக மின்சாரத்துக்குத் தனி மெயின் வைத்து, மாலையில் அதை அணைத்துச் சாவியை ஒரே ஆளிடம் கொடுங்கள். வேலையாட்கள் உள்ளே சமைக்க வேண்டாம், வெளியே ஒரு கொட்டகை போட்டுத் தாருங்கள். இரவுக் காவலுக்கு ஆள் வையுங்கள். அவர் கைபேசியில் தீயணைப்பு நிலையத்தின் எண்ணை நீங்களே ஏற்றிக் கொடுங்கள்.