கோல்ன் வேலி 1907: யாருடைய வெற்றி?

அன்புள்ள ஐயா,

பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் தொடக்க காலம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதில் ‘1907 ஜூலையில் ஜாரோ, கோல்ன் வேலி என்று இரண்டு இடைத்தேர்தல்களில் தொழிற்கட்சி அடுத்தடுத்து வென்றது’ என்று ஒரு வரி வருகிறது. கோல்ன் வேலியில் ஜெயித்த விக்டர் கிரேசன் தொழிற்கட்சி வேட்பாளரே இல்லை என்று வேறொரு இடத்தில் படித்திருக்கிறேன். எது சரி? லிபரல்களோடு செய்துகொண்ட ரகசிய உடன்பாட்டுக்காகத்தான் கட்சி அவரைக் கைவிட்டதா?

இன்னொன்று. நான் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன், எனவே இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் சொந்தமானது. கோல்ன் வேலியில் தொழிற்சங்கம் பலவீனமாக இருந்தது என்கிறார்கள். சங்கம் இல்லாத மில் ஊரில் 25 வயதுப் பையன் ஒருவன் புரட்சி பேசி ஜெயிப்பது எப்படி? வெறும் மேடைப் பேச்சுதானா? மூன்றில் இரண்டு பங்கு பேர் அவருக்கு எதிராகத்தானே ஓட்டுப் போட்டார்கள், அதை வெற்றி என்று கொண்டாடலாமா?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

முதலில் என் தப்பு. நீங்கள் சொல்வதுதான் சரி. அந்த வரியை எழுதும்போது ஜாரோவின் கணக்கில் கோல்ன் வேலியையும் சேர்த்துவிட்டேன். பல பேர் செய்கிற தப்பு, அதனால் என் தப்பு சின்னதாகிவிடாது. கிரேசன் சுயேச்சை சோஷலிஸ்டாக நின்றார். தொழிற்கட்சியின் தேசியச் செயற்குழு அவரை வேட்பாளராக ஏற்கவில்லை.

ஆனால் ரகசிய உடன்பாடுதான் காரணம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1903-ல் எங்கள் ஆள் நிற்கும் இடத்தில் நீங்கள் நிற்காதீர்கள் என்று தொகுதிகளைப் பங்கிட்டு, தொழிற்கட்சிச் செயலாளர் ராம்சே மெக்டொனால்டும் லிபரல் கொறடா ஹெர்பர்ட் கிளாட்ஸ்டனும் பேசி வைத்துக்கொண்டது உண்மை, 1906 பொதுத் தேர்தலில் 29 பேர் உள்ளே போனதற்கு அது பெரிய காரணம் என்பதும் உண்மை. அந்த உடன்பாட்டுக்காகக் கோல்ன் வேலியை விட்டுக்கொடுத்தார்கள் என்றால், இரண்டே வாரம் முன்னால், ஜூலை 4 அன்று, ஜாரோவில் லிபரலை எதிர்த்துத் தொழிற்கட்சியே பீட் கரனை நிறுத்தி ஜெயித்தது எப்படி? அங்கே உறுப்பினராக இருந்து இறந்துபோன சார்லஸ் மார்க் பாமர் சாதாரண ஆள் இல்லை, ஊரையே உருவாக்கிய கப்பல் கட்டும் தளத்தின் முதலாளி, லிபரல். அவர் இடத்துக்கு நாலு பேர் போட்டி போட்டதில் கரன் 4,698 ஓட்டு வாங்கி ஜெயித்தார். கட்சித் தலைமைக்கு லிபரலோடு மோத அன்றைக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை.

சண்டை வேறு இடத்தில். வேட்பாளரை யார் தேர்ந்தெடுப்பது? கரன் எரிவாயுத் தொழிலாளர் சங்கத்துக்காரர், 1906-ல் அதே தொகுதியில் நின்று தோற்றவர், சங்கத்தின் பணமும் கட்சியின் முத்திரையும் முறைப்படி பின்னால் இருந்தன. கோல்ன் வேலிக்காரர்களோ தங்களுக்குப் பிடித்த பையனைத் தாங்களே தேர்ந்தெடுத்துவிட்டு லண்டனுக்குத் தகவல் சொன்னார்கள். அந்த வரிசை தலைமைக்குப் பிடிக்கவில்லை. புதுக் கட்சி, சங்கங்களின் காசில் ஓடுகிற கட்சி, எந்தத் தொகுதியில் யாரை நிறுத்துவது என்பதை ஒவ்வொரு ஊரும் இஷ்டத்துக்கு முடிவு செய்தால் அந்தக் கூட்டணி எத்தனை நாள் நிற்கும் என்ற பயம் மெக்டொனால்டுக்கு இருந்தது. நியாயமான பயம்தான், நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஊர்க்காரர்கள் பக்கம் நின்று பார்த்தால் அவர்களுக்கும் கோபம் வர நியாயம் உண்டு.

ஏனென்றால் அவர்கள் நேற்று முளைத்தவர்கள் இல்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

யார்க்‌ஷயரில் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு மேற்கே பெனைன் மலைத்தொடர் வரை ஏறிப்போகிற பள்ளத்தாக்கு அது. மார்ஸ்டன், கோல்கர், ஸ்லெய்த்வெய்ட் என்று சின்னச் சின்ன ஊர்கள் (கடைசி ஊரை அங்கே உள்ளவர்கள் ஸ்லாவிட் என்பார்கள், எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் சம்பந்தமில்லாததில் ஆங்கிலேயரை மிஞ்ச ஆளில்லை), எல்லாம் கம்பளி மில் ஊர்கள். 1812-ல் லட்டைட்டுகள் எனப்பட்ட தொழிலாளர்கள் சம்மட்டியோடு எந்திரங்களை உடைத்ததும் மார்ஸ்டன் மில் முதலாளி வில்லியம் ஹார்ஸ்ஃபாலைச் சுட்டுக் கொன்றதும் இந்தப் பக்கத்தில்தான். மில்கள் பள்ளத்தாக்கு முழுக்கச் சிதறிக் கிடந்தன. கப்பல் தளத்திலோ சுரங்கத்திலோ போல ஆயிரக்கணக்கான ஆண்கள் ஒரே வாசலில் நுழைகிற இடம் இல்லை. நெசவில் பெண்கள் நிறைய. சங்கம் பலவீனமாக இருந்ததற்கு இவையெல்லாம் காரணம்.

சங்கம் வளராத இடத்தில் கிளப் வளர்ந்தது. 1890-91 குளிர்காலத்தில் பக்கத்து பிராட்ஃபோர்டில் மானிங்ஹாம் மில் வேலைநிறுத்தம் நடந்து தோற்றது. அந்தத் தோல்வியின் சூட்டில், 1891-ல், ஸ்லெய்த்வெய்ட்டில் கூடிக் கோல்ன் வேலி தொழிலாளர் அமைப்பைத் தொடங்கினார்கள். பின்னால் தொழிற்கட்சியின் ஓர் அங்கமான சுயேச்சைத் தொழிற்கட்சி என்கிற ஐ.எல்.பி. பிராட்ஃபோர்டில் பிறந்தது 1893 ஜனவரியில், அதாவது இவர்கள் அதற்கும் மூத்தவர்கள். ஊருக்கு ஊர் சோஷலிஸ்ட் கிளப்புகள் வந்தன. வேலை முடிந்து வந்தால் படிக்க ஒரு அறை, சனிக்கிழமை தேநீர், பாட்டு, ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளர். மதுக்கடையும் தேவாலயமும் மட்டுமே இருந்த ஊரில் மூன்றாவதாக ஒரு இடம், அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்துக்குள் ஒருவன் வந்துவிட்டால் அவன் மனைவியும் பிள்ளையும் தம்பியும் பின்னாலேயே வருவார்கள், சந்தா கட்டும் சங்கத்தில் அப்படி நடக்காது.

1895-ல் டாம் மேனை நிறுத்திப் பார்த்தார்கள். லண்டன் துறைமுக வேலைநிறுத்தத்தின் தலைவர், நாடறிந்த பெயர். 1,245 ஓட்டுதான் விழுந்தது, மூன்றாம் இடம். பன்னிரண்டு வருஷம் கழித்து நாடறியாத கிரேசன் 3,648 வாங்கினார். மேடைப் பேச்சுதான் எல்லாம் என்றால் மேனும் லேசுப்பட்ட பேச்சாளர் இல்லையே. இடையில் நடந்தது கிளப் வேலை.

கிரேசனின் பங்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. லிவர்பூல் பையன், எஞ்சினியரிங் பட்டறையில் தொழில் பழகியவர், அப்புறம் மான்செஸ்டரில் யூனிட்டேரியன் என்ற கிறிஸ்தவப் பிரிவில் பாதிரியாராவதற்குப் படிக்கப் போய்ப் பாதியில் விட்டவர். அந்தப் படிப்பு வீண்போகவில்லை. பிரசங்கம் கேட்டே வளர்ந்த ஜனங்களுக்குப் பிரசங்கத்தின் தாளத்தில் சோஷலிசம் சொன்னார். தாங்ஸ்பிரிட்ஜின் ஆங்கிலிக்கன் உதவி குரு டபிள்யூ. பி. கிரஹாம் போன்றவர்கள் அவரோடு மேடையேறினார்கள். அந்தப் பிரச்சாரத்தைப் பார்த்தவர்கள் ‘இது தேர்தலா, ஆன்மிக எழுப்புதல் கூட்டமா’ என்கிற தொனியில்தான் எழுதினார்கள்.

தேர்தல் வந்த விதமும் பொருத்தம். 1892 முதல் உறுப்பினராக இருந்த சர் ஜேம்ஸ் கிட்சன், லீட்ஸில் ரயில் எஞ்சின் செய்கிற பெரிய முதலாளி, பிரபு பட்டம் பெற்று மேலவைக்குப் போனார். அவர் காலி செய்த இடத்துக்கு லிபரல்கள் கொண்டுவந்தது பிலிப் பிரைட்டை. இறக்குமதித் தானியத்துக்கு வரி போட்ட தானியச் சட்டங்களை எதிர்த்துப் போராடிய ஜான் பிரைட்டின் மகன். அந்தப் பெயர் ஒன்றே போதும் என்று நினைத்திருப்பார்கள், வடக்கத்தி மில் ஊர்களில் ஒரு தலைமுறை முன்னால் போதுமாகவும் இருந்தது. கன்சர்வேடிவ் கிரான்வில் வீலர். கிரேசனுக்கு 3,648, பிரைட்டுக்கு 3,495, வீலருக்கு 3,227. வித்தியாசம் 153. பட்டியலில் இருந்த 11,771 பேரில் நூற்றுக்கு 88 பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள்.

இப்போது உங்கள் மூன்றில் இரண்டு பங்குக் கணக்கு. கிரேசன் வாங்கியது 35 சதவீதம், ஆகவே 65 பேர் எதிராகப் போட்டார்கள் என்பது கூட்டல் கழித்தலில் சரி. ஆனால் அந்த 65 பேர் ஒரே பக்கம் நின்றவர்கள் இல்லை. பிரைட்டுக்குப் போட்டவருக்குத் தடையற்ற வணிகம் வேதவாக்கு, வீலரின் கட்சியோ இறக்குமதி வரி வேண்டும் என்றது. இருவரையும் ஒரே மூட்டையில் கட்டி ‘கிரேசன் எதிர்ப்பு’ என்று சீட்டு ஒட்டினால் அதே மூட்டையை ‘பிரைட் எதிர்ப்பு 66’ என்றும் கட்டலாம். ஜாரோவில் கரன் வாங்கியது 33 சதவீதம்தான், அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை பட்டியலிலேயே இருந்தது. மில்லில் பாதித் தறியை ஓட்டிய பெண்கள் ஒருவர் பெயரும் அதில் கிடையாது. ஆண்களிலும் ஒரு வருஷம் ஒரே வீட்டில் குடியிருக்காதவர்கள், அப்பா வீட்டில் இருக்கும் மகன்கள் பலருக்கு ஓட்டு இல்லை. ஓட்டில்லாத பெண்கள் பிரச்சாரத்தில் சும்மா இருக்கவில்லை. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட்டும் அவருடைய தோழிகளும் பள்ளத்தாக்குக்கு வந்து ஊர் ஊராக ஆளுங்கட்சியான லிபரலுக்கு எதிராகப் பேசினார்கள். கிரேசனுக்கு ஓட்டுப் போடுங்கள் என்று கேட்பது அவர்கள் கொள்கை இல்லை, அரசாங்க வேட்பாளரைத் தோற்கடியுங்கள் என்பதே கொள்கை. ஆனால் வித்தியாசம் 153 என்கிறபோது அந்த வேலை யாருக்கு உதவியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

காசு பற்றிக் கணக்கு எழுதுகிறவருக்கு ஒரு தகவல்: அன்றைக்கு டெபாசிட் கிடையாது, அது 1918-ல் வந்தது. அதற்குப் பதில் தேர்தல் நடத்தும் அதிகாரியின் செலவையே வேட்பாளர்கள் பங்கிட்டுக் கட்ட வேண்டும். ஜெயித்தால் சம்பளமும் இல்லை, ஆண்டுக்கு 400 பவுண்டு என்பது 1911-க்குப் பிறகு. சங்கம் பின்னால் இல்லாத கிரேசனை நிறுத்தியதும் லண்டனில் வைத்துக் காப்பாற்றியதும் சில்லறையாக வசூலான காசு.

ஜாரோ, கோல்ன் வேலி என்ற இந்த இரண்டு தோல்விகளைப் பார்த்து மிரண்டுதான் லிபரல்கள் 1908-ல் முதியோர் ஓய்வூதியம் கொண்டுவந்தார்கள் என்று சிலர் எழுதுவதுண்டு. அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். 1907 ஏப்ரல் பட்ஜெட்டிலேயே நிதியமைச்சர் அஸ்க்வித் அதைச் சொல்லிவிட்டார்.

அப்புறம் என்ன ஆனது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அது சந்தோஷமான கதை இல்லை. 1908 அக்டோபரில் வேலையில்லாதவர்கள் பற்றி உடனே விவாதிக்க வேண்டும் என்று அவையில் எழுந்து நின்று உட்கார மறுத்தார், சஸ்பெண்ட் செய்தார்கள். வெளியே போகும்போது அவர் திட்டியது லிபரல்களைவிடத் தொழிற்கட்சி உறுப்பினர்களைத்தான், வர்க்கத் துரோகிகள் என்று. தொழிற்கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவரான கீர் ஹார்டியோடு ஒரே மேடையில் ஏற மறுத்தார். தொகுதிப் பக்கம் வருவது குறைந்தது, குடி கூடியது. 1910 ஜனவரி பொதுத் தேர்தலில் சுமார் ஐந்நூறு ஓட்டு குறைந்து மூன்றாம் இடம். கிளப்புகள் கலையவில்லை என்பதைக் கவனியுங்கள். கட்டிய வீடு நின்றது, குடிவைத்த ஆள்தான் சரியில்லை. அன்று ஜெயித்த லிபரல் சார்லஸ் லீச் தனிக் கதை: மனநலம் குன்றியவர் என்ற காரணத்துக்காகச் சட்டப்படி இடத்தை இழந்த ஒரே பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் அவர், 1916-ல்.

கிரேசன் உலகப் போரை ஆதரித்தார், நியூசிலாந்துப் படையில் சேர்ந்து பெல்ஜியத்தில் பாஷன்டேல் போரில் காயம்பட்டார், 1920 செப்டம்பரில் காணாமல் போனார். பிரபு, சர் போன்ற பட்டங்களை விற்றுக்கொடுத்த தரகர் மாண்டி கிரிகரிக்குத் தொடர்பு என்பது முதல் பல ஊகங்கள் உண்டு, சினிமாவுக்கு ஆகும், நமக்கு வேண்டாம்.

எனக்கு அதைவிடச் சுவாரசியம் 1922. அந்த வருஷம் கோல்ன் வேலியில் தொழிற்கட்சி முறைப்படி ஜெயித்தது. ஜெயித்தவர் பிலிப் ஸ்னோடன். 1909-ல் எடின்பரோ மாநாட்டில் கிரேசன் தகராறு முற்றி ஐ.எல்.பி. செயற்குழுவை விட்டு ராஜினாமா செய்த நாலு பெருந்தலைகளில் ஒருவர். இரண்டு வருஷத்தில் அவர் நிதியமைச்சர்.

பழைய கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன். ஜாரோ மட்டும் இருக்கிறது.