மதிப்பெண்ணும் காணியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2024 இலங்கை அதிபர் தேர்தலில் நின்ற ரணில் விக்ரமசிங்க, சஜித் பிரேமதாச, அநுர குமார திசாநாயக்க மூவரின் தலைமைப் பண்புகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். அனுபவம், பேச்சாற்றல், உலகத் தொடர்பு ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டதில் ரணிலே முந்துகிறார். பிறகு ஏன் தோற்றார்? (என் தாத்தா இலங்கை மலைநாட்டு ஹட்டனிலிருந்து வந்து, தாயகம் திரும்பியோருக்கு வேலை தந்த தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் வேலை பார்த்தவர்.)

கூடலூர் வாசகர்

அன்புள்ள தம்பி,

அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒதுக்கிவைத்த அந்த ஒரு வரிக்காகவே பதில் எழுதுகிறேன். 2022-இன் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு அனுபவம் என்ற சொல்லையே அந்நாட்டு மக்கள் ஐயத்தோடு பார்த்தார்கள். உங்கள் கேள்விக்கு அது போதும். பேச்சாற்றலைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் டேன்டீக்காரரின் பேரன் இப்படி ஒரு பட்டியல் போடலாமா? 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழரில், அதாவது இந்தியாவிலிருந்து போன தோட்டத் தொழிலாளர் வழிவந்தவர்களில், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. உங்கள் பட்டியலில் அவ்விருவருமே நல்ல மதிப்பெண் பெற்றிருப்பார்கள். கொழுந்து பறித்தவர்களை மட்டும் யாரும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது, அத்தைக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. 1972-இல் ஹட்டனில் கோச்சி (ரயில்) நகர்ந்தபோது அத்தை சன்னல் வழியே என் கையில் திணித்த பணிஸை (பன் ரொட்டியை), தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்து சேரும்வரை தின்னாமல் வைத்திருந்தேன். இலங்கையில் கள்ளத்தோணி (திருட்டுத்தனமாகக் குடியேறியவர்) என்று ஏசப்பட்ட நாங்கள், கோத்தகிரியில் சிலோன்காரர் ஆனோம்.

ஆகவே அம்மூவரும் லயம் என்ற வரிசை வீடுகளில் வாழும் அந்தத் தோட்ட மக்களிடம் என்ன சொன்னார்கள் என்பதையே நான் பார்க்கிறேன். ரணில் மலையக ஊரான கொட்டகலையில் மே தின மேடையில் 1,700 ரூபாய் நாட்சம்பளம் அறிவித்தார்; தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போக, தேர்தல்வரை அத்தொகை கைக்கு வரவில்லை. அநுரவின் இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி. ஒரு காலத்தில் ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ என்று வகுப்பு நடத்தி இம்மக்களை அதன் கருவியாகக் காட்டியது. அதே கட்சி முன்னின்று நடத்தும் தேசிய மக்கள் சக்தி என்ற கூட்டணி, 2023 அக்டோபரில் ஹட்டன் பிரகடனத்தின் வழியே அவர்களை மலையக மக்கள் என்றே ஏற்றது; தன் கட்சியின் பழைய பாடத்தைத் திருப்பி எழுதத் துணிந்த அந்தத் தலைமையை நான் மதிக்கிறேன். சஜித் தொழிலாளருக்குக் காணி (நிலம்) தந்து அவர்களைச் சிறு தேயிலைத் தோட்ட உரிமையாளராக்குவதாகச் சொன்னார். அவர் நாடளவில் தோற்றாலும் மலையகத் தமிழர் மிகுந்த நுவரெலியா மாவட்டத்தில் முதலிடம் பெற்றதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

அத்தை இன்னும் லயத்தில்தான் இருக்கிறார். யாருக்கு வாக்களித்தீர்கள் என்று தொலைபேசியில் கேட்டேன். “காணி தாரன்னு சொன்னவருக்கு” என்றார்.