மிதி மிஷினை இரும்புக்குப் போடலாமா?

அன்புள்ள ஐயா,

பர்மாவில், மோல்மேனில் வீட்டிலிருந்தே லுங்கி, தமெயின் (பர்மியப் பெண்கள் இடுப்பில் கட்டும் லுங்கி), பாவாடை தைத்துக் கொடுக்கிறேன். மாமியார் காலத்துக் கறுப்புத் தலை மிதி மிஷின். கொஞ்ச நாளாக மிதிக்கக் கனமாக இருக்கிறது, துணியின் அடியில் நூல் சுருள் சுருளாக விழுகிறது. மகன், "இதை இரும்புக்குப் போட்டுவிட்டுக் கரண்ட் மிஷின் வாங்குவோம்" என்கிறான். கூடவே பழைய சிற்றலை ரேடியோவையும் அரிக்கன் விளக்கையும் தூக்கிப் போடச் சொல்கிறான். பழசு என்பதற்காகவே பிடித்து வைத்திருக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம்.

மீனாட்சி, மோல்மேன்

அன்புள்ள மீனாட்சி,

அரிக்கன் விளக்கைப் போட்டுவிடுங்கள். மண்ணெண்ணெய், திரி, புகை படிந்த கண்ணாடி, துணி குவிந்த அறையில் நெருப்பு. இத்தனைக்கும் அது தரும் வெளிச்சத்தைவிட சார்ஜ் ஏற்றும் சின்ன எல்இடி விளக்கு அதிகம் தரும். இதில் மகன் சொல்வதுதான் சரி.

மிஷினை விற்காதீர்கள். ஒரு சாமான் ஓடுவதற்கு வேறு எதெல்லாம் ஓடியாக வேண்டும், கெட்டால் யார் கையில் சரியாகும், இந்த இரண்டையும் பாருங்கள். உங்கள் மிஷினுக்கு வேண்டியது கால், தோல் வார், ஊசி, எண்ணெய். கரண்ட் மிஷினுக்கு லைனில் ஒழுங்கான வோல்டேஜ் வேண்டும். எலக்ட்ரானிக் ரகம் என்றால் உள்ளே இருக்கும் போர்டு போனால் மிஷினே நின்றுவிடும்.

பேட்டரியில் ஓட்டலாமே என்று மகன் கேட்பார். கணக்குப் போடுவோம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரியில் 1,200 வாட்-அவர் இருக்கும். பேட்டரி உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆக 600. இன்வெர்ட்டர் தின்றது போக 500 வரும். 100 வாட் மோட்டாருக்கு அது நிற்காமல் ஓடினால் 5 மணி நேரம். மோட்டார் தையல் விழும்போது மட்டும்தான் ஓடும் என்பதால் ஒரு நாள் வேலைக்குத் தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் அதே பேட்டரியைத்தான் மின்விசிறியும் கேட்கும், அதை மறுபடி நிரப்பவும் கரண்ட் வந்தாக வேண்டும்.

இனி கனம். வாரைக் கழற்றிவிட்டு, தலையில் உள்ள கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் கோளாறு தலையில்; லேசாகச் சுற்றினால் கீழே, மிதியில். தலை என்றால் முதலில் பாபின் (அடி நூல் சுற்றும் சின்ன உருளை) சுற்றும் ரப்பர் சக்கரம் கைச்சக்கரத்தில் உரசிக்கொண்டிருக்கிறதா, கீழே பாபின் கேஸ் உட்காரும் வளையத்தில் நூல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அநேகமாக எண்ணெய்தான். யாரோ கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விட்டிருப்பார்கள். சமையல் எண்ணெய் நாளாக ஆக பிசினாக இறுகிவிடும். ஊசியைக் கழற்றி, எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றி, இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் வழியும் அழுக்கைத் துடைத்துவிட்டு மறுபடி சுற்றுங்கள். இளகியதும் துளைக்கு ஒரு சொட்டு மிஷின் எண்ணெய். இதை விட்டுவிடாதீர்கள், மண்ணெண்ணெய் பிசினைக் கரைக்கும், உராய்வைத் தடுக்காது. பிறகு கழிவுத் துணியில் நூறு தையலாவது ஓட்டிவிட்டு ஊருக்குத் தைக்கலாம். விளக்கில் மிச்சம் இருக்கும் மண்ணெண்ணெய் இதற்கே போதும்.

கோளாறு கீழே என்றால் மிதியின் இரண்டு முனைகள், மிதியையும் பெரிய சக்கரத்தையும் இணைக்கும் தண்டின் இரு பூட்டுகள், சக்கர அச்சு, இங்கெல்லாம் எண்ணெய். வாரில் மட்டும் ஒரு சொட்டும் படக் கூடாது, வழுக்கும். மழைக்காலத்தில் உங்கள் ஊர் ஈரத்துக்குத் தோல் வார் தொய்யும். கால் அங்குலம் வெட்டி, ஆணியால் புதுத் துளை போட்டு, கம்பிக் கிளிப்பை மறுபடி மாட்டுங்கள். ஒரேயடியாக ஒரு அங்குலம் வெட்டி இறுக்கினால் அதுவே மிதியைக் கனமாக்கும். வெயில் வந்ததும் சுருங்கி இன்னும் இறுகும்.

அடியில் சுருள் விழுந்தால் எல்லாரும் பாபின் கேஸைத் திருகத் தொடங்குவார்கள். தொடாதீர்கள். அடியில் சுருள் என்றால் பெரும்பாலும் குற்றம் மேல் நூலில். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு புதிதாக நூலைக் கோர்த்துவிடுங்கள்; இறக்கி வைத்துக் கோர்த்தால் மேல் நூலை இறுக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் நடுவில் இறங்காமல் மேலேயே நிற்கும். தட்டுகளுக்கு நடுவே பஞ்சு இருந்தால் ஒரு துணிக் கீற்றை விட்டு இழுத்து எடுங்கள். ஊசியில், கடைசி நூல் கொக்கி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஊசியின் நீளப் பள்ளம், எதிர்ப்பக்கம் தட்டை. லுங்கிப் பருத்திக்கு 14-ஆம் நம்பர், மெல்லிய வாயில் துணிக்கு 11.

லுங்கியை உருளையாக மூட்டும் தையலும், தமெயின் இடுப்பில் கறுப்புப் பட்டை வைப்பதும் நேர்த் தையல்கள். அதில் உங்கள் மிஷினை விஞ்ச எதுவும் வேண்டியதில்லை. டி-ஷர்ட் மாதிரி இழுபடும் துணி எடுக்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. துணி இழுபடும்போது நேர்த் தையல் நூல் அறுந்துவிடும். வளைந்து வளைந்து தைக்கும் ஜிக்ஜாக் மிஷின் வாங்கித்தான் ஆக வேண்டும். அப்போது மகன் பேச்சைக் கேளுங்கள்.

அதற்கு முன் ஒரு நடுவழி உண்டு. கைச்சக்கரத்துக்குக் கீழே, தூணில், திருகு போடும் துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சின்ன மோட்டார் ஒன்றை அதிலேயே மாட்டலாம். துளையில்லாத பழைய தலைகளும் உண்டு. மோட்டார் வாரும் தோல் வாரும் ஒரே பள்ளத்தில் ஓடுபவை. ஆகவே கரண்ட் இருக்கும்போது தோல் வாரைக் கழற்றிவிடுங்கள், போனதும் மோட்டார் வாரை எடுத்துவிட்டு அதை மாட்டுங்கள். இரண்டு நிமிட வேலை.

ரேடியோவை வைத்திருங்கள். 2021-இல் ராணுவ ஆட்சியாளர்கள் இரவுதோறும் இணையத்தை நிறுத்தினார்கள்; 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மாண்டலே, சகாயிங் பக்கம் கரண்டும் போன் இணைப்பும் சேர்ந்தே போயின. சிற்றலைக்கு உள்ளூர்க் கோபுரம் எதுவும் தேவையில்லை. ஏரியலில் ஐந்தாறு மீட்டர் செம்புக் கம்பியைக் கிளிப்பில் மாட்டி ஜன்னல் வழியாக வெளியே விடுங்கள், இடி மின்னல் என்றால் உடனே உள்ளே எடுத்துவிடுங்கள். இரவில் 49, 41 மீட்டர், பகலில் 19, 16 மீட்டர் பட்டைகளில் தேடுங்கள். இரைச்சல் அதிகமாக இருந்தால் பக்கத்திலுள்ள எல்இடி பல்பையோ போன் சார்ஜரையோ அணைத்துப் பாருங்கள்; தெருவுக்கே கரண்ட் போன நேரத்தில்தான் ரேடியோ தெளிவாகக் கேட்கும். கேட்டு முடித்ததும் பேட்டரிக் கட்டைகளைக் கழற்றி வையுங்கள். உள்ளேயே மாதக்கணக்கில் கிடந்தால் கசிந்து, ஸ்பிரிங்கை அரித்துவிடும்.