பரிசோதனை இல்லாத ஆய்வில் என்னென்ன வகைகள்? அது தரம் குறைந்ததா?

நீங்களும் எம்.எஸ்சி நர்சிங் மாணவி என்றே நினைக்கிறேன். இன்டர்வென்ஷன் இல்லாமல், அதாவது ஆய்வாளராக மருந்தோ பயிற்சியோ எதையும் கொடுத்துப் பார்க்காமல், என்ன ஆய்வு என்று யாரோ கேட்டிருப்பார்கள்.

முதலில் வகைகள். இருக்கும் நிலவரத்தை அப்படியே பதிவு செய்வது விவரண ஆய்வு. பலரிடம் ஒரே ஒருமுறை தகவல் எடுப்பது குறுக்குவெட்டு ஆய்வு. தேசிய குடும்ப நல ஆய்வு இந்த வகைதான். இரண்டு விஷயங்கள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்தால் தொடர்பாய்வு. நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் எடுத்துப் பின்னோக்கித் தேடினால் கேஸ் கன்ட்ரோல். நோய் வருவதற்கு முன்பிருந்தே தொடர்ந்து பார்த்து வந்தால் கோஹார்ட். பழைய பதிவேடுகளை வைத்தும் அதைச் செய்யலாம்.

என்னுடையது கேஸ் கன்ட்ரோல். இரண்டரை கிலோவுக்குக் குறைவான குழந்தை பெற்ற தாய்மார் ஒரு பக்கம், சரியான எடையில் பெற்றவர்கள் மறுபக்கம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் யாருக்கெல்லாம் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தது, அதாவது ரத்தசோகை இருந்தது என்று அட்டைகளில் பார்த்தேன். வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "ரெக்கார்டைப் பார்த்து எழுதியிருக்கிறாய். நீ என்னம்மா செய்தாய்?" என்றார். "ரத்தசோகை என்ன செய்யும் என்று பார்ப்பதற்காக ஒரு கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்காமல் இருக்க முடியுமா மேடம்?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. மார்க் குறைந்தது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சிகரெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். யாரையும் புகைக்கச் சொல்லி ஆய்வு நடத்த முடியாது. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் டாலும் ஹில்லும் புகைப்பதையும் நுரையீரல் புற்றுநோயையும் பற்றி 1950-இல் வெளியிட்டது லண்டன் மருத்துவமனைகளில் செய்த கேஸ் கன்ட்ரோல் ஆய்வு. தொடர்பு இருந்தால் அது காரணமாகிவிடுமா, பரம்பரையாக வரும் ஏதோ ஒன்று இரண்டுக்கும் காரணமாக இருக்கலாமே என்று புள்ளியியல் மேதை ஃபிஷரே எதிர்த்தார். ஆனால் அவர்கள் இருவரும் 1951-லேயே பிரிட்டிஷ் டாக்டர்களிடம் புகைப்பழக்கத்தைக் கேட்டு வாங்கி, கோஹார்ட்டாகப் பின்தொடரத் தொடங்கியிருந்தார்கள். 2004-இல் வந்த ஐம்பதாண்டு முடிவு, விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாக இறந்ததைக் காட்டியது.

பரிசோதனை ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, உடனே கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

   

சரி, உங்கள் புரொபோசலுக்கு வருவோம். நீங்கள் ஆராயும் காரணியை (எனக்கு ரத்தசோகை போல) நீங்களாக யாருக்கும் ஏன் கொடுக்க முடியாது என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். வயது, வருமானம், எத்தனையாவது பிரசவம் போன்ற குழப்பும் காரணிகளை, அதாவது காரணியோடும் விளைவோடும் ஒட்டி வந்து முடிவைத் திசைதிருப்பக்கூடியவற்றை, எப்படிச் சமாளிப்பீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தேர்வாளர் நியாயமாகக் கேட்கக்கூடிய கேள்வி அது ஒன்றுதான்.