வாரோவின் 'தொன்மைகள்' எங்கே போனது?

பண்டைய ரோமானிய அறிஞர் வாரோவின் 'தொன்மைகள்' முழுநூலை எந்த நூலகத்திலும் காணோம் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் சரியாகத்தான் தேடியிருக்கிறீர்கள்; 41 பாகங்களும் அழிந்துவிட்டன. பிறர் எடுத்தாண்ட துணுக்குகள்தான் மிச்சம். பிற்காலக் கிறித்தவ இறையியலாளர் அகஸ்டினின் 'கடவுளின் நகரம்' 6-ஆம் பாகத்தில் தொடங்குங்கள். மனிதர் பற்றி 25 பாகங்கள், தெய்வங்கள் பற்றி 16 என்று வாரோ நூலின் அமைப்பையே அங்கே விவரிக்கிறார்.

அப்புறம், வாரோ எழுதியவற்றில் முழுதாகக் கிடைப்பது வேளாண்மை நூல் ஒன்றுதான். அதை விட்டுவிடாதீர்கள். 80 வயதை எட்டும்போது, நிலம் வாங்கிய மனைவி ஃபுண்டானியாவுக்கு வழிகாட்ட எழுத ஆரம்பித்தது. சதுப்பு நிலத்தின் பக்கம் பண்ணைவீடு கட்டும்போது எச்சரிக்கை வேண்டும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் வாய், மூக்கு வழியே உடலில் புகுந்து கடும் நோய் தரும் என்கிறார். நுண்ணோக்கி வருவதற்கு ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன்பு! அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.