வாசகர் கேள்விகள்: படித்ததும் பகிர்ந்ததும்

தமிழ்நாட்டிலுள்ள உறவினர் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். தமிழ் நம் மொரீஷியஸின் ஆட்சிமொழி என்றும், அதனால்தான் நம் ரூபாய் நோட்டில் தமிழ் அச்சிடப்படுகிறது என்றும் அதில் இருக்கிறது. என் மாணவர்களுக்கு அனுப்பலாமா?
*(ஆசிரியை, ரோஸ் ஹில்)*

அப்படியே அனுப்ப வேண்டாம், அம்மா. நோட்டில் தமிழ் இருப்பது உண்மை. அதற்குச் சொல்லப்படும் காரணம் தவறு. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 49ஆம் பிரிவு, சட்டமன்றத்தின் அலுவல் மொழி ஆங்கிலம் என்றும், உறுப்பினர் எவரும் பிரெஞ்சு மொழியிலும் பேசலாம் என்றும் சொல்கிறது. நாட்டுக்கு ஆட்சிமொழி இன்னது என்று அச்சட்டம் எங்கும் அறிவிக்கவில்லை.

உண்மையான கதை இதைவிடப் பெரியது. உங்கள் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் அதுதான். 1998ஆம் ஆண்டு மத்திய வங்கி புதிய நோட்டுகளை வெளியிட்டபோது, ஆங்கிலம், தமிழ், இந்தி என்று வழிவழியாக வந்த வரிசை மாறி, இந்தி மேலேயும் தமிழ் அதற்குக் கீழேயும் இருந்தன. அன்று மாலை என் தந்தை புதிய நோட்டு ஒன்றைச் சமையலறை விளக்கின் கீழே பிடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் திரும்பத் திரும்பப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவர் அதிகம் படித்தவர் அல்லர்; ஆனால் தமிழ் எழுத்து எந்த இடத்தில் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், லா பூர்தொனே ஆளுநராக இருந்த காலத்திலேயே, புதுச்சேரியிலிருந்து வந்த கைவினைஞர்கள் போர்ட் லூயி நகரத்தைக் கட்ட உழைத்தார்கள். ஒப்பந்தக் கூலிகளின் கப்பல்கள் வந்தது அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1834இல்தான். முதலில் வந்தவர்களின் மொழி இந்திய மொழிகளில் முதலில் நிற்க வேண்டும் என்பதே நம்மவர் வாதம். எதிர்ப்பு வலுத்தது, அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, மறு ஆண்டே பழைய வரிசையில் புதியவை வெளிவந்தன.

வகுப்பில் ஒரு 100 ரூபாய் நோட்டைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். அதில் இருக்கும் முகம் நம்மவரான ரங்கநாதன் சீனிவாசனுடையது. வழக்கறிஞராகவும் அரசியல் தலைவராகவும் விளங்கியவர். இவ்வளவும் சட்டைப்பையிலேயே இருக்கும்போது, இல்லாத ஆட்சிமொழிப் பெருமையைக் கடல் கடந்து கடன் வாங்குவானேன்?

இங்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர் ஐந்து லட்சம் பேரும் தமிழர்களே என்று ஒரு காணொளியில் சொல்கிறார்களே?
*(வாசகர், போர்ட் லூயி)*

ஏறத்தாழ ஐந்து லட்சம் என்பது இந்தியாவிலிருந்து வந்த எல்லாரையும் சேர்த்த கணக்கு. அவர்களில் பெரும்பகுதியினர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள். சென்னையிலிருந்து வந்தவர்கள் ஒரு பகுதியினர். சந்தேகம் இருந்தால், மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தக் குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன. யுனெஸ்கோ 2015இல் அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. காணொளியைப் பார்க்கும் நேரத்தில் ஒரு முறை மோகாவுக்குப் போய், உங்கள் கொள்ளுப்பாட்டனாரைத் தேடிப் பாருங்கள், ஐயா.

நம் தேர்தல் முறையைப் பற்றி இணையத்தில் ஒரு கட்டுரை படித்தேன். சட்டத்தில் தமிழர் என்ற பிரிவே இல்லை என்று அறிந்ததும் வருத்தமாக இருந்தது. நாம் அதைக் கேட்டுப் பெற வேண்டாமா?
*(கல்லூரி மாணவி, காத்ர் போர்ன்)*

நீங்கள் படித்தது சரியே. அரசியலமைப்பின் முதல் அட்டவணை நான்கு சமூகங்களை மட்டும் குறிப்பிடுகிறது: இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர், இம்மூன்றிலும் அடங்காத பொது மக்கள். தேர்தலில் 62 பேர் நேராக வெற்றி பெற்ற பிறகு, தோற்றவர்களில் முன்னணியில் உள்ள எட்டுப் பேர் வரை இந்தப் பிரிவுகளின் கணக்குப்படி சட்டமன்றத்துக்குள் சேர்க்கப்படுகிறார்கள். இதில் முருகனைக் கும்பிடும் தமிழர் இந்துவாகவும், மாதா கோயிலுக்குப் போகும் தமிழர் பொது மக்களாகவும் எண்ணப்படுகிறார். ஒரே குடும்பத்து அண்ணன் தம்பியே இரண்டு பிரிவுகளில் போய் விழலாம்.

ஆனாலும் ஐந்தாவது பிரிவைக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த இடப்பங்கீடு இன்றும் 1972ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கை வைத்தே நடக்கிறது. அந்த ஆண்டு எண்ணப்பட்டவர்களில் எத்தனையோ பேர் இன்று இல்லை. உங்களைப் போன்றவர்கள் அதில் எண்ணப்படவே இல்லை. 2014ஆம் ஆண்டுத் தேர்தலில் மட்டும், வேட்பாளர்கள் தம் சமூகத்தை அறிவிக்காமலே போட்டியிடத் தற்காலிகச் சட்டம் ஒன்று வழி செய்தது. அந்தக் கதவை நிரந்தரமாகத் திறந்து வைக்கக் கேட்பதே உங்கள் தலைமுறைக்கு ஏற்ற கோரிக்கை என்று நான் கருதுகிறேன். அந்தக் கட்டுரையைப் பகிரும்போது, உங்களுக்கு ஏன் வருத்தம் வந்தது என்பதையும் நான்கு வரி எழுதுங்கள். படிப்பவர்கள் உங்களுக்குப் பதில் சொல்வார்கள், கட்டுரைக்குச் சொல்ல மாட்டார்கள்.

பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் நாட்டுப் பேச்சுமொழியான கிரியோலில் கலந்துள்ள தமிழ்ச் சொற்களைப் பற்றிப் பலரும் பெருமையாகப் பகிர்கிறார்கள். தமிழ் பேசத் தெரியாத வீட்டில் இந்தப் பெருமைக்குப் பொருள் உண்டா?
*(இல்லத்தரசி, போ பாசேன்)*

உண்டு. ஆனால் அந்தப் பட்டியலை நாம் முழுதாகப் படிப்பதில்லை என்று தோன்றுகிறது. சென்ற வாரம் பஸாரில் கீரைக் கட்டுகளுக்குப் பின்னால் அமர்ந்திருந்த, ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் இனத்து அம்மா ஒருவர், ஈரச் சாக்கிலிருந்து ஒரு கொத்தை எடுத்து உதறி, “கறிபுலே வேண்டுமா?” என்று கிரியோலில் கேட்டார். அது கறிவேப்பிலை. அருகில் இருந்த கொத்துமல்லியை அவர் ‘கோதோமிலி’ என்றார். பீர்க்கங்காய் ‘பிபெங்காய்’ ஆகியிருந்தது. முருங்கைக்கீரை ‘ப்ரெத் மூரூம்’. இவை தமிழ்ச் சொற்கள் என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. தம் பாட்டி சொன்ன பெயர்கள் என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. அந்தச் சொற்கள் இன்று அவருக்கும் சொந்தம். அதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியே.

வீட்டுக்கு வரும் வழியில்தான் மற்றொன்று உறைத்தது. நான் கேட்டவை எல்லாம் பெயர்ச்சொற்கள். வாங்கவும் விற்கவும் சமைக்கவும் தேவைப்பட்டதால் பொருள்களின் பெயர்கள் பிழைத்துக்கொண்டன. ‘வா’, ‘உட்கார்’, ‘சாப்பிட்டாயா’ என்பவை பஸாரில் விலைபோகாதவை. அவற்றை வீட்டார்தான் காப்பாற்றியிருக்க வேண்டும், நாம் காப்பாற்றவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அம்மா. என் வீட்டிலும் அதுதான் நடந்தது. நீங்கள் கறிபுலேயைத் தாளிக்கும்போது, “சாப்பிட வா” என்று பிள்ளையைத் தமிழில் கூப்பிடுங்கள். முதல் நாள் சிரிப்பான், பிறகு வருவான்.

கரும்புத் தோட்டப் பெண்களின் துயரத்தைப் பாரதியார் பாடியது நம் மொரீஷியஸைப் பற்றித்தானே?
*(வாசகர், மோகா)*

இல்லை. அது பிஜித் தீவைப் பற்றியது; தலைப்பிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. பகிரும்போது பலர் தலைப்பை வெட்டிவிடுகிறார்கள்.

எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். வம்பும் வதந்தியும் அல்லாமல், படித்துப் பகிரத்தக்கவை இணையத்தில் எங்கே கிடைக்கும்?
*(ஓய்வுபெற்ற ஊழியர், ரோஸ் ஹில்)*

நம் நோட்டுச் சண்டை நடந்த அதே 1998ஆம் ஆண்டு, பொங்கல் நாளில், ‘மதுரைத் திட்டம்’ என்ற தன்னார்வ முயற்சி தொடங்கியது. பல நாடுகளில் இருக்கும் தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, எவரும் இலவசமாகப் படிக்கும்படி அதில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் பாடங்களும் அகராதிகளும் நூலகமும் உண்டு. வெளிநாட்டில் வாழும் நம்மைப் போன்றவர்களையும் மனத்தில் வைத்தே அது தொடங்கப்பட்டது. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் ‘நூலகம்’ என்ற தளம் இருக்கிறது.

ஆத்திசூடியில் தொடங்குங்கள், ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொற்கள்தாம், எழுத்துக்கூட்டுபவருக்கு மூச்சு வாங்காது. வாய்விட்டுப் படியுங்கள். எங்கள் குடும்பக் குழுவில் ஞாயிறுதோறும் ஒருவர் நான்கு வரி படித்துக் குரல்பதிவாக அனுப்ப வேண்டும் என்று வைத்திருக்கிறோம். எங்கே படித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பத்து வயதுப் பேரன் ‘ழ’ வரும் இடத்தில் ஒரு கணம் நின்று, நாக்கை மடித்துப் பார்த்துவிட்டு மேலே செல்வது அந்தப் பதிவில் நன்றாகக் கேட்கிறது. நீங்கள் படித்ததில் பிடித்ததை அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள், ஐயா. எந்தத் தளத்தில் கண்டீர்கள் என்பதையும் மறவாமல் குறிப்பிடுங்கள்.